முதுநிலை ஆய்வேட்டு விதிகள்: வரலாறும் மொழியளவையும்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் முதுநிலை ஆய்வேடு மூன்று நிலைகளைக் கடந்து வந்துள்ளது. தொடக்கத்தில் ஆய்வேட்டினையே முதன்மையாகக் கொண்ட தனிப்பட்டங்கள் இருந்தன. பின்னர், முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடைப்பட்டதாக ஆய்வியல் நிறைஞர் எனப்படும் எம்.ஃபில். பட்டம் தோன்றியது. இன்று அவ்வேடு முதுகலைப் படிப்பின் உறுப்பாக அமைந்து வருகிறது. இந்நிலைகளில் விதிகள் எவற்றை அளந்தன, எவற்றை அளக்காமல் விட்டன என்பதை மொழி நோக்கில் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தொடக்க நிலை

மு. வரதராசனார் தமிழ் வினைச்சொற்களின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் ஆராய்ந்து 1944இல் எம்.ஓ.எல். பட்டம் பெற்றார். சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்காக 1948இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. அவ்வாய்வு 1957இல் ஆங்கில நூலாகவே வெளிவந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தனிநாயகம் அடிகள் எம்.லிட். பட்டத்துக்குச் செய்த ஆய்வும் ஆங்கில நூலாகவே அறியப்படுகிறது. ஆய்வுப்பொருள் தமிழ்; ஆய்வுமொழி ஆங்கிலம். ஆதலின் ஆய்வாளர் மொழிபெயர்ப்பாளராகவும் விளங்க வேண்டியிருந்தது.

2. இடை நிலை

1970களில் பரவிய எம்.ஃபில். பட்டத்தால் தமிழ்த்துறைகளில் சிற்றாய்வேடுகளைத் தமிழிலேயே எழுதும் வழக்கம் வேரூன்றியது. ஒரு வட்டார வழக்கையோ ஒரு நூலின் சொல்லாட்சியையோ விளக்க இவ்வளவு பரப்பே போதுமானது. ஆயினும் பட்டத்தின் பெருக்கத்துக்கு ஆய்வார்வம் மட்டுமே காரணமன்று. 1993 டிசம்பர் 31க்குள் எம்.ஃபில். முடித்தவர்களுக்கு விரிவுரையாளர் தகுதித் தேர்விலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 2006இல் இளநிலை வகுப்புகளுக்குக் கற்பிக்க எம்.ஃபில். மீண்டும் தகுதியாயிற்று, 2009இல் இச்சலுகை நீக்கப்பட்டது.

பல்கலைக்கழக நல்கைக்குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளும் 2016ஆம் ஆண்டு விதிமுறைகளும் நெறியாளரின் பணியை எண்ணால் வரையறுத்தன. 2016ஆம் ஆண்டு விதியின்படி ஒரே காலத்தில் பேராசிரியர் 3 பேருக்கும், இணைப்பேராசிரியர் 2 பேருக்கும், உதவிப்பேராசிரியர் ஒருவருக்கும் மட்டுமே எம்.ஃபில். ஆய்வில் நெறியாளராக இருக்கலாம். காலம் குறைந்தது 2 பருவங்கள், மிகுதி 4 பருவங்கள். ஏட்டினை நெறியாளரோடு குறைந்தது ஒரு புறத்தேர்வாளரும் மதிப்பிடல் வேண்டும். அளிப்பதற்கு முன் ஆய்வாளர் ஒரு கருத்தரங்கிலேனும் கட்டுரை படித்திருத்தல் வேண்டும். மின்படியை நாட்டுப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கும் கடமை 2009இலேயே வந்தது.

3. சொல் என்னும் அளவை

மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பெரிதும் உரியது 2018ஆம் ஆண்டின் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதியாகும். பிறருடைய படைப்பையோ கருத்தையோ தமதெனக் காட்டுதல் திருட்டு என அது வரையறுக்கிறது. தண்டனையோ ஒப்புமை விழுக்காட்டினால் அமைகிறது. ஒப்புமை 10 விழுக்காடு வரை குற்றமில்லை. 10க்கு மேல் 40 வரை ஏட்டைத் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை ஓராண்டு தடை. 60க்கு மேல் பதிவு நீக்கம். பொது அறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துவரும் தொடர்கள் 14 சொற்கள் வரை கணக்கில் சேரா.

இங்குச் சொல் என்பது யாது? 'அழைக்கப்பட்டிருந்தவர்களுக்கும்' என்பது தமிழில் ஒரு சொல். இதன் பொருளைத் தர ஆங்கிலத்தில் ஏறத்தாழ 7 சொற்கள் வேண்டும். எனவே ஒட்டுநிலை மொழியில் 14 சொற்களின் பொருட்பரப்பு பெரிது. அச்சில் பிரித்து எழுதும் சீர்களைச் சொற்களாகக் கொண்டால், 14 என்பது இரண்டு முழுக் குறட்பாக்கள். மேலும், துணைவினைகளைச் சேர்த்தும் பிரித்தும் எழுதும் வழக்கம் தமிழில் உண்டாதலின், ஒரே தொடர் இரு ஏடுகளில் இருவேறு எண்ணிக்கை பெறும்.

இதனினும் பெரிய இடைவெளி மொழிபெயர்ப்பில் உள்ளது. ஆங்கில நூலொன்றின் வாதத்தைத் தமிழில் பெயர்த்துத் தமதாக வைப்பது வரையறையின்படி திருட்டே. ஆயினும் ஒரே மொழியின் சொற்களை ஒப்பிடும் சோதனை அதனைக் காணாது. அது குற்றமற்றது என்று சான்றளிக்க வேண்டியவரும், அதனைக் கண்டறிய வல்லவரும் இருமொழிப் புலமையுடைய நெறியாளரே. அவருக்கு எத்தனை மாணவர் எனக் கணக்கிட்ட விதிகள், அவருக்கு எத்தகைய மொழியறிவு வேண்டும் என வரையறுக்கவில்லை.

4. இன்றைய நிலை

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டத்தைக் கைவிடப் பரிந்துரைத்தது. 2022 நவம்பரில் வெளிவந்த விதிமுறைகள் அதனை வழங்கலாகாது என்றன. ஈராண்டு முதுகலையின் இரண்டாம் ஆண்டை முழுவதும் ஆய்வுக்கு ஒதுக்கவும் அக்கொள்கை இடமளிப்பதால், சிற்றாய்வேடு முற்றும் மறையாது. ஆயினும் அதற்கான நெறிகளைப் பல்கலைக்கழகங்களும் துறைகளும் வகுக்க வேண்டியுள்ளது. தமிழ்த்துறைகள் அவற்றை வகுக்குங்கால் மூன்றனைக் கருதலாம். பிறமொழி நூலிலிருந்து பெற்ற கருத்துக்கு மூலத்தொடரையும் பக்கத்தையும் காட்டல் வேண்டும். மேற்கோளின் மொழிபெயர்ப்பு எவருடையது எனக் குறித்தல் வேண்டும். ஒப்புமை விழுக்காட்டை முடிவாகக் கொள்ளாது, நெறியாளரும் புறத்தேர்வாளரும் ஒப்புமைப் பகுதிகளைப் படித்துக் கருத்துரை எழுதுதல் வேண்டும். எண்ணிக்கை ஆய்வுக்குக் காவலாகலாம். அதன் தரத்தை அறிதற்குப் படித்தலே வழியாகும்.