வண்டிக்காரன் வேண்டாத வண்டி

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கையில் இருக்கும் தோழர்கள் அதன் மூன்றாம் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த பகுதியில் ஒரு சின்ன உட்பிரிவு இருக்கிறது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறுவதை, ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்கிறது அது. செருப்பு அணிவது, புதுத்துணி உடுத்துவது, கல்யாண ஊர்வலம் போவது ஆகியவையும் அதே வரிசையில் வருகின்றன. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

சைக்கிளில் ஏறுவதைத் தடுத்தால் சிறை என்று ஒரு நாடாளுமன்றம் எழுதிவைக்க வேண்டியிருந்தது. அப்படியென்றால் அதற்கு முன்னால் இந்த நாட்டின் தெருக்களில் என்னவெல்லாம் நடந்திருக்க வேண்டும்?

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்தில் நாங்கள் வேலை செய்யும் குடியிருப்புகளில் பிள்ளைகள் சிலர் அண்மையில் ரோடு பைக் வாங்கியிருக்கிறார்கள். வளைந்த ஹேண்டில்பார், மெல்லிய டயர், கியர் வைத்த வண்டி. ஒருவர் டெலிவரி வேலையில் சேர்த்த காசில் வாங்கினார், இன்னொருவர் பழைய வண்டியை பாதி விலைக்கு. "இதெல்லாம் அடையாறு, அண்ணா நகர்காரன் விளையாட்டுடா, நமக்கு எதுக்கு?" என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். நம் இயக்கத் தோழர் ஒருவரே அப்படித்தான் கேட்டார். போராட வேண்டிய நேரத்தில் சைக்கிள் சுகம் பேசலாமா என்பது அவருடைய கவலை. நமக்கு வண்டி என்பது எப்போதுமே போராட்டமாகத்தான் இருந்திருக்கிறது என்பது எங்கள் பதில்.

அம்பேத்கரிடமிருந்தே தொடங்கலாம். 1901ஆம் ஆண்டு. அவர் பத்து வயதுச் சிறுவன். சதாராவிலிருந்து கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்குகிறார். நல்ல துணி உடுத்திய பிள்ளைகள். மகர் என்று தெரிந்ததும் எந்த மாட்டுவண்டிக்காரரும் ஏற்றத் தயாராக இல்லை. கடைசியில் இரட்டை வாடகை தருவதாகப் பேசி ஒரு வண்டி கிடைக்கிறது. நிபந்தனை என்ன தெரியுமா? பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும். வண்டிக்காரர் கூடவே நடந்து வருவார். 28 ஆண்டுகள் கழித்து, 1929இல், வெளிநாட்டில் படித்துப் பட்டங்கள் வாங்கி பாரிஸ்டராகவும் ஆனபிறகு, சாலிஸ்காவில் அதே கதை. ஒரு மகரை ஏற்றி ஓட்ட டோங்காக்காரர்கள் மறுக்கிறார்கள். வண்டியை மட்டும் வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்ட, வழியில் ஒரு பாலத்தருகே அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிகிறது. இரண்டையும் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் அவரே எழுதியிருக்கிறார். வண்டி கிடைத்தது, சாலையும் இருந்தது. இடையில் வண்டிக்காரரின் சாதி உட்கார்ந்திருந்தது.

திருவிதாங்கூரில் அய்யன்காளி இதை வேறு விதமாக எதிர்கொண்டார். 1893இல் சொந்தமாக வில்லுவண்டி வாங்கி, வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக, வெங்கானூர் பொதுச்சாலையில் தானே போனார். ஆனால் எல்லோராலும் மாடும் வண்டியும் வாங்க முடியாது. மாட்டுக்குத் தீவனம் வேண்டும், கட்ட இடம் வேண்டும். நிலமே இல்லாதவர்கள் மாட்டை எங்கே கட்டுவது?

அய்யன்காளி வண்டி ஓட்டிய அதே காலத்தில்தான் சைக்கிள் இன்றைய உருவத்துக்கு வந்துகொண்டிருந்தது. 1885இல் இங்கிலாந்தின் ஸ்டார்லி இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவிலான சைக்கிளைச் செய்தார். 1888இல் டன்லப் காற்றடித்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இங்கே முதலில் அது வெள்ளைக்காரர் வண்டியாக, பிறகு பணக்காரர் வண்டியாக, கொஞ்சம் கொஞ்சமாக குமாஸ்தா, தபால்காரர், பியூன் வண்டியாக இறங்கி வந்தது. அதற்கு வண்டிக்காரர் வேண்டாம், தீவனம் வேண்டாம். சுவரோரம் சாய்த்து வைக்க ஒரு முழம் இடம் போதும். இரண்டு கால் இருந்தால் நடப்பதைப்போல மூன்று நான்கு மடங்கு வேகத்தில் போகலாம். யாருடைய தயவும் இல்லாமல் ஒரு கூலிக்காரர் ஏறி உட்காரக்கூடிய முதல் வாகனம் இதுதான் என்று நாங்கள் துணிந்து சொல்வோம்.

(இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த டயருக்கு ரப்பர் எங்கிருந்து வந்தது? முதலில் காங்கோவிலிருந்து, அங்குள்ள மக்களின் ரத்தத்தோடு. பிறகு மலாயாத் தோட்டங்களிலிருந்து. அந்தத் தோட்டங்களுக்குக் கங்காணி பிடித்துக் கப்பலேற்றிய தமிழர்களில் கணிசமானோர் சேரி மக்கள். டயரைச் செய்ய ரப்பர் பால் வடித்தவர்களுக்கு அந்த டயர் உருளும் தெருவில் இடமில்லை.)

ஆம், தெரு. பொதுச்சாலை, பொதுக்கிணறு, சந்தை எல்லாம் எல்லோருக்கும் உரியவை என்று 1924இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியவர் ரெட்டைமலை சீனிவாசன். காகிதத்தில் தெரு திறந்தது. ஊரில் திறக்கவில்லை. சேரிக்காரர் சைக்கிள் வாங்கினால் ஊர்த்தெரு முனையில் இறங்க வேண்டும், செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும், கடைசி வீடு தாண்டும்வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். இது ஏதோ தாத்தா காலத்துக் கதை அல்ல. தீண்டாமை ஒழிப்பு முன்னணி இந்த நூற்றாண்டில் எடுத்த கள ஆய்வுகளிலும் சைக்கிள் தடை வந்துகொண்டேதான் இருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் சீட்டில் உட்கார்ந்தவரின் தலை, திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் தலையைவிட உயரத்தில் போகும். அவர்களுக்குப் பொறுக்காதது அந்த உயரம்தான்.

அப்படித் தள்ளிக்கொண்டு நடந்தவர்களில் பலர் செங்கல்பட்டு, வட ஆற்காடு கிராமங்களிலிருந்து கிளம்பி வந்து சேர்ந்த இடம் வடசென்னை. துறைமுகம் இருந்தது, மில் இருந்தது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரம் நிலையத்தைச் சுற்றி கூலி வேலை இருந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கடற்கரையோரமாக ஆலைகள் வரிசையாக எழுந்தன. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப் பிறகு டயருக்கு வந்தது. 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, எண்ணூரில் கார் பூட்டும் ஆலையாக இயங்கி, பிறகு அசோக் லேலண்ட் ஆனது. விம்கோ தீப்பெட்டி ஆலையின் பெயர் இன்றைக்கு மெட்ரோ நிலையத்தில் நிற்கிறது. 1955இல் உருவான என்பீல்டு இந்தியா திருவொற்றியூரில் புல்லட் செய்தது. அந்த என்பீல்டு நிறுவனமே இங்கிலாந்தில் முதலில் சைக்கிள் செய்த கம்பெனிதான். சைக்கிளுக்கென்றே 1949இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டு, ஹெர்குலிஸ் இங்கேயே செய்யப்பட்டது.

இந்த ஆலைகளுக்குள் சாதி வரவில்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். எந்த வேலை யாருக்கு, யார் நிரந்தரம், யார் காண்ட்ராக்ட் என்பதில் அது உட்கார்ந்திருந்தது. ஆனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை நீளும் சாலையில் காலை ஷிப்டுக்குச் சைக்கிளில் போகிறவரை இறங்கச் சொல்ல யாரும் இல்லை. சங்கு ஊதும் நேரத்துக்குள் கேட்டைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். ஆலை சைக்கிள் ஸ்டாண்டில் வண்டிகள் ஒட்டி ஒட்டி நிற்கும். ஒன்றைத் தட்டினால் வரிசையே சாயும்.

அந்தக் காலத்து ஆட்களிடம் முதல் சைக்கிளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நாங்கள் குடியிருப்பு குடியிருப்பாகக் கேட்டிருக்கிறோம். சம்பளம் எவ்வளவு என்பதை மறந்தவர்கள்கூட சைக்கிள் வாங்கிய தீபாவளியை மறக்கவில்லை. போனஸ் பணத்தில் வாங்குவார்களாம். கடையிலிருந்து ஓட்டி வராமல், புதுசு அழுக்காகிவிடும் என்று உருட்டிக்கொண்டே வந்தவரும் உண்டு. (ஊரில் தள்ளச் சொன்னார்கள், இங்கே ஆசையில் தள்ளினார்!) பாருக்குச் சுற்றிய காகிதத்தை மாதக்கணக்கில் பிரிக்காமல் வைத்திருப்பது, ஹேண்டில்பாருக்குக் குஞ்சம், பின்சக்கரத்தில் உரசும் டைனமோ, இரண்டு பக்கமும் சந்தனப் பொட்டு. முன்பாரில் ஒரு பிள்ளை, கேரியரில் மனைவி, அவர் மடியில் இன்னொரு பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை கடற்கரை. விளக்கில்லை, டபுள்ஸ் என்று போலீஸ் பிடித்து டயரில் காற்றைப் பிடுங்கியதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். ஒரு பாட்டாளிக் குடும்பத்தின் மகிழ்ச்சியை யாரும் ஆவணப்படுத்துவதில்லை. நம் துயரத்துக்கு ஆய்வேடுகள் இருக்கின்றன, நம் முதல் சைக்கிளுக்கு இல்லை.

இதுவரை சொன்னதில் ஓட்டியவர்கள் எல்லாம் ஆண்கள். பெண் கேரியரில்தான் இருந்தார். அதை உடைத்தது சென்னை அல்ல, புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கமும் அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார்கள். கல்குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கற்றுக்கொண்டதாக அங்கே போய்ப் பார்த்த சாய்நாத் எழுதினார். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் சிலருக்கு அதுதான் பிடித்தும் போனதாம். கேலி பேசியவர்களுக்குப் பதில் சொல்ல அவர்களுக்கு நேரமில்லை. தண்ணீர் எடுக்கவும் வேலைக்குப் போகவும் நேரம் இருந்தது.

அடுத்து நடந்ததுதான் பலருக்கும் தெரியாதது. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிளை இன்று எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வாங்குகிறார்கள். அந்தத் திட்டம் 2001-02இல் தொடங்கியபோது அது பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு மட்டுமான திட்டம். 2005-06இல்தான் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவர் அனைவருக்கும் விரிந்தது. எந்தச் சாதிக்காரர் ஊர்த்தெருவில் இறங்கித் தள்ள வேண்டியிருந்ததோ, அந்தச் சாதியின் மகள்களுக்காகத் தொடங்கியது ஒரு மாநிலத்துக்கே பொதுவானது. "உங்களுக்குத்தான் எல்லாம் சலுகை" என்று கல்லூரியில் யாராவது சொன்னால், அவர் பள்ளிக்குப் போன சைக்கிளின் வரலாற்றைச் சொல்லிக்கொடுங்கள். 2006இல் பீகார் மாணவிகளுக்கு இதே வேலையைச் செய்தது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்கள் அங்கே 32 சதவீதம் கூடினார்கள்; ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது.

சைக்கிள் வந்துவிட்டது. தெரு வந்ததா?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் விடியற்காலை ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் அலை தடுக்கக் கொட்டிய பாறைகள், அதற்கு அப்பால் கடல். இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள். இடையில் கிடைக்கும் இடத்தில் மீன் எடுக்கக் காசிமேடு போகும் பெண்கள், பால்காரர், ஷிப்டுக்குப் போகிறவர்கள், நம் பிள்ளைகளின் ரோடு பைக். கடற்காற்று முதுகில் இருந்தால் மெல்லிய டயர் ரீங்காரமிடும், பெடல் தானாகச் சுற்றுவதுபோல இருக்கும். பழைய கறுப்புச் சைக்கிள் ஏறக்குறைய 20 கிலோ, இது அதில் பாதி. கியர் மாறும் அந்தச் சின்ன 'கிளிக்' சத்தத்துக்காகவே ஓட்டுகிறேன் என்றான் ஒரு தம்பி. அந்த நேரம் பின்னால் லாரி ஹாரன். சாலையோர மண்ணில் இறங்கி நிற்க வேண்டும். ஊர்த்தெருவில் ஆதிக்கச் சாதிக்காக இறங்கினோம், இங்கே சரக்குக்காக இறங்குகிறோம். இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் நகரத்தின் நிலக்கரியும் பெட்ரோலும் சாம்பலும் கண்டெய்னரும் எந்த மக்களின் வாசல் வழியாகப் போக வேண்டும் என்று தீர்மானித்ததில் சாதிக்குப் பங்கில்லை என்று யாரும் எங்களை நம்பவைக்க முடியாது.

2014இல் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. இந்திய நகரங்களில் இதுதான் முதல். போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்றது. மாணவர்கள் தகவல் அறியும் சட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது: அந்தப் பணத்தில் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களுக்கு ஆண்டுவாரியாக எவ்வளவு? நாலு பேர் சேர்ந்து எழுதுங்கள், எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் உதவுகிறோம்.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். நீ எப்படி புல்லட் ஓட்டலாம் என்பதுதான் காரணம் என்று குடும்பத்தார் புகார் சொன்னார்கள். திருவொற்றியூரில் நம் ஆட்களும் சேர்ந்து பூட்டிய அதே பெயர் வண்டி. செய்தி வந்த வாரம் எங்கள் பிள்ளைகள் சைக்கிளில் போகும் வழியில் பழைய என்பீல்டு ஆலைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கொருக்குப்பேட்டை ரயில்வே பாதைக்குப் பக்கத்து மைதானத்தில் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்கிறோம். முறை எளிது: பெடலைக் கழற்றிவிட வேண்டும், சீட்டைக் கால் தரையில் பதியும்வரை இறக்க வேண்டும், முதலில் தத்தித் தத்தி உருட்டச் சொல்ல வேண்டும். பின்னால் பிடித்துக்கொண்டே ஓட வேண்டிய தேவையில்லை. இரண்டு வாரத்தில் பாதிப் பேருக்குப் பேலன்ஸ் வந்துவிடுகிறது. கற்க வருபவர்களில் மூத்தவர் 51 வயதுத் தூய்மைப் பணியாளர். போன வாரம் அவருக்குப் பெடல் மாட்டினோம். மைதானத்தை ஒரு சுற்று முடித்துவிட்டு, பிரேக் எங்கே இருக்கிறது என்று கேட்டார். சொன்னோம். நிறுத்தாமல் இன்னொரு சுற்று போனார்.