உப்பிய காலின் பெயர்கள்

காலையில் தளர்ந்து கிடந்த கொலுசு மாலையில் இறுகிவிடுகிறது. செருப்பு வார் பதிந்த தடம் கணுக்காலில் அப்படியே நிற்கிறது. இதை ‘கால் உப்பிப்போச்சு’ என்கிறோம், ‘நீர் கோத்துக்கிச்சு’ என்கிறோம், ‘வீங்கியிருக்கு’ என்கிறோம். சித்த மருத்துவ ஏடுகள் ‘சோபை’ என்கின்றன. இன்றைய மருத்துவர் ‘எடிமா’ என்று எழுதுகிறார்.

எடிமா கிரேக்கத்திலிருந்து வந்தது. வீங்குதல் என்ற பொருளுடைய அதே வேரில் பிறந்ததுதான் கிரேக்கக் கதையில் வரும் ஈடிப்பஸ் என்ற பெயரும். ‘வீங்கிய காலன்’ என்று பொருள். கைக்குழந்தையாக இருந்தபோது கணுக்காலில் துளையிட்டுக் கட்டி அவனை மலையில் எறியக் கொடுத்ததாகக் கதை. ஒரு மன்னனின் பெயரே அவன் கால் வீக்கத்தால் அமைந்தது.

சோபை வடமொழி வழி வந்த சொல். இங்கே ஒரு விபத்து நடந்திருக்கிறது. அழகு, ஒளி என்று பொருள்படும் ‘சோபை’யும் வீக்கத்தைக் குறிக்கும் ‘சோபை’யும் வடமொழியில் வெவ்வேறு ஒலி கொண்ட சொற்கள். நம் ‘ப’ அவ்விரண்டு ஒலிகளையும் ஒன்றாக ஏற்றுக்கொண்டதால், முகப்பொலிவும் முகவீக்கமும் தமிழில் ஒரே எழுத்துக்கோவையாகிவிட்டன.

வீங்கு நம்முடைய பழஞ்சொல். பழந்தமிழில் அது பெருகுவதற்கும் வரும், இறுகுவதற்கும் வரும். நீர் தேங்கிய காலைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இரண்டு பொருளும் ஏன் ஒரு சொல்லில் அடங்கின என்று விளங்கும்: கால் பெருக்கிறது, தோல் இறுகிப் பளபளக்கிறது.

நான் அதிகம் சிந்தித்தது ‘நீர்கோத்தல்’ பற்றித்தான். ஊசியில் நூல் கோப்பதும் நாரில் பூக் கோப்பதும் எந்த வினையோ அதே வினை. (பேச்சில் ‘கோர்த்து’ என்கிறோம், ‘கோத்து’ என்பதே இலக்கண வடிவம்.) இதிலிருந்து வந்த நீர்க்கோவை என்ற பெயரை இன்று பெரும்பாலும் தலைபாரத்துக்கு நெற்றியில் பற்றுப் போடும் மாத்திரையோடு சேர்த்தே அறிகிறோம். கோத்தல் என்பது உடலில் நடப்பதற்கு மிக நெருக்கமான சொல். குடித்த தண்ணீர் பைக்குள் நிறைவதுபோல் காலில் நிறைவதில்லை. நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீர் திசுக்களின் இடைவெளிகளில் புகுந்து நிற்கிறது. குழாய்க்குள்ளிருந்து தள்ளும் அழுத்தமும், நீரை உள்ளே இழுத்து வைக்கும் புரதமும் தம்முள் சமன்பட வேண்டும் என்பதை உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896இல் விளக்கினார். அந்தச் சமநிலை குலைந்தால் நீர் கோக்கிறது. கட்டைவிரலால் முன்னங்கால் எலும்பின்மேல் சில நொடி அழுத்தி எடுத்தால் குழி விழுந்து நிற்பது இதனால்தான்.

ஆனால் இந்தப் பெயர் ஒரு தீங்கும் செய்திருக்கிறது. பெயரில் நீர் இருப்பதால் குற்றமும் நீர்மேல் விழுகிறது. கால் வீங்கியதும் ‘தண்ணியைக் குறைச்சுக்கோ’ என்பார்கள். இதயமோ சிறுநீரகமோ பழுதுபட்டவருக்கு மருத்துவர் அளவு குறித்துக் கொடுத்தால் அதைக் கடைப்பிடிக்கத்தான் வேண்டும். மற்றவர்கள் தாமாகவே தாகத்தை அடக்கிக்கொண்டு, ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் மோர்மிளகாயும் குறையாமல் சாப்பிடுவதில் பயனில்லை. நீரைப் பிடித்து வைப்பது உப்பு. ‘நீர் மாத்திரை’ என்று நாம் சொல்லும் லேசிக்ஸ்கூட சிறுநீரகத்தில் முதலில் வெளியேற்றுவது உப்பைத்தான்; நீர் அதன் பின்னே போகிறது. அதன் வேலை ஆறு மணி நேரம் நீடிக்கும் என்பதைக் குறித்தே அந்தப் பெயர் வைக்கப்பட்டது. அதைப் பெரும்பாலும் காலையில் போடச் சொல்வதற்கும் காரணம் உண்டு, இரவில் தூக்கம் கெடக் கூடாது.

இங்கேதான் ‘உப்புதல்’ வருகிறது. சமையல் உப்பும் கால் உப்புவதும் ஒரே சொல்லா? இல்லை. கன்னடத்திலும் தெலுங்கிலும் சமையல் உப்பு நம்மைப் போலவே வல்லோசையுடன் ‘உப்பு’. வீங்குதலைக் குறிக்கும் சொல்லோ ‘பம்பரம்’ என்பதில் நடுவே வரும் மெல்லிய பகர ஓசையுடன் ஒலிக்கும். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பகராதியும் இவற்றைத் தனித்தனி வேராகவே வைக்கிறது. இரட்டிக்கும்போது தமிழில் அந்த மெல்லோசைக்கு இடமில்லை, இரண்டும் ஒன்றாகிவிட்டன. சொற்பிறப்பில் உறவில்லாதவை உடம்பில் உறவு கொண்டிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பின் அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு, ஏறக்குறைய ஒரு சிறு தேக்கரண்டி.

எல்லா வீக்கமும் உப்பால் வருவதல்ல. நாள் முழுக்க நின்றால் கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளும் வேலை நின்றுபோகிறது. ஜவுளிக்கடைகளில் நின்றே வேலை பார்த்த பெண்கள் எத்தனை பேருக்குக் கால் வீங்கிற்று! தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற சட்டம் 2021இல்தான் வந்தது. இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் மாத்திரையாலும் பலருக்குக் கணுக்கால் வீங்கும்; அதற்காகத் தானாக நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். வீக்கத்துக்கு நீர்முள்ளிக் குடிநீர் தருவது நம் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் அதையும் மருத்துவரைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

இத்தனை பெயர்களில் ஒன்றுகூட நோயின் பெயரல்ல, அறிகுறியின் பெயர். ஆகவே மருத்துவரிடம் ‘கால் வீங்குது’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ஒரு காலா இரண்டுமா, இரவு படுத்து எழுந்தால் வடிகிறதா, அழுத்தினால் குழி விழுகிறதா, உடல் எடை சில நாட்களில் கூடியதா, என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கர்ப்பிணிக்கு முகமும் கையும் வீங்கினாலோ காத்திருக்காமல் அப்போதே போய்விடுங்கள்.