கோழியின் காலடி மண்

திருகோணமலை என்றதும் உலகோர் நினைவில் எழுவது அதன் ஆழமான இயற்கைத் துறைமுகமே. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் பிரித்தானியரும் அத்துறையை நாடி வந்தனர். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் அதன்மீது குண்டு பொழிந்தன. 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. இவை யாவும் ஏடுகளில் ஏறிய வரலாறு. அதே துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களிலே, வேலிகளுக்கு உள்ளே, ஏட்டில் ஏறாத வரலாறு ஒன்றும் உண்டு. வளவிலே நாலைந்து கோழிகளை வளர்த்து, முட்டை விற்ற காசில் பிள்ளையின் கொப்பிக்கும் அடுப்படிச் செலவுக்கும் வழிகண்ட இல்லத்தரசியரின் வரலாறு அது. மாரி வந்ததும் அச்சிறு செல்வம் நோயுற்று அழிவதும், அழியாது நிலைப்பதும், பெரிதும் ஒரு பொருளைச் சார்ந்தே அமைந்தன. அதுவே கோழியின் காலடித் தரை.

கோழி எங்கு நின்றாலும் மண்ணைக் கிளறும். அது குறும்பு அன்று, பிறவிக் குணம். இலங்கையின் தேசியப் பறவையாகிய காட்டுக்கோழி, உலர்ந்த சருகைக் காலால் விலக்கி, கறையானையும் பூச்சியையும் உதிர்ந்த விதையையும் பொறுக்கி உண்கின்றது. வீட்டுக்கோழிக்கு முதன்மை மூதாதையான தென்கிழக்காசியச் செங்காட்டுக்கோழியின் வழக்கமும் அதுவே. மர நிழல், அதன் கீழே சருகு, சருகின் கீழே உயிர்ப்புள்ள மண் என்னும் மூன்றும் அமைந்த இடமே இவ்வினத்தின் தாய்வீடு எனலாம்.

அக்காட்டைவிட்டு மனிதனின் வீட்டுக்குக் கோழி வந்த வழியும் சுவையானது. தாய்லாந்தின் நடுப்பகுதியிலுள்ள பான் நொன் வாற் என்னும் தொல்லூரில் கிடைத்த எலும்புகள், கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டவை. வீட்டுக்கோழிக்குக் கிடைத்த மிகப் பழைய சான்று அவையே என 2022இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. மானாவாரி நெல்லும் தினையும் விளைந்த கழனிகளே காட்டுக்கோழியை ஊரருகே ஈர்த்தன என்பது அவ்வாய்வாளர் கருத்து. நெல்லைத் தேடி வந்த பறவைக்குப் பிற்காலத்தில் நெல்லின் உமியே படுக்கையாயிற்று என்பது எண்ணி மகிழத்தக்கது.

கோழி எளியோரின் துணை என்பதற்குக் கொட்டியாரக்குடாவோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. 1660ஆம் ஆண்டு ஆன் என்னும் ஆங்கிலக் கப்பலில் அங்கு வந்து, கண்டியரசனின் ஆட்களால் சிறைப்பட்டவர் றொபேட் நொக்ஸ். அப்போது அவருக்கு வயது 19. மலைநாட்டு ஊர்களில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் கழித்தார். தொப்பி பின்னியும், நெல்லைக் கடன் கொடுத்தும், பன்றிகளையும் கோழிகளையும் வளர்த்தும் வயிறு வளர்த்ததாகத் தமது நூலில் எழுதியுள்ளார். 1679இல் தப்பியோடி, 1681இல் இலண்டனில் அந்நூலை வெளியிட்டார். நாடும் உறவும் இழந்த இளைஞன் ஒருவனுக்கும் கோழி கைகொடுத்தது என்பது இதனாற் புலனாகும்.

இனி, தரையின் செய்திக்கு வருவோமாயின், தமிழர் இல்லத்திலே ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. விடியுமுன் எழுந்து முற்றத்தைக் கூட்டிப் பெருக்குவது நம் பெண்டிர் போற்றிய ஒழுக்கம். கோழிக்கோ கூட்டிய தரை ஆகாது. சருகு நீங்கிய வெறுமண் வெயிலிலே கொதிக்கும், மழையிலே சேறாகும். ஆகவே முற்றத்தைக் கூட்டிச் சேர்த்த வேப்பஞ் சருகையும் பூவரசஞ் சருகையும் எரித்துவிடாது, கோழி அடைபட்ட பக்கத்தில் பரப்புவது இரண்டிற்கும் பொருந்தும் வழியாகும்.

புல் வளர்த்தால் என்ன என்று வினவலாம். அறுகு வலிய புல். தண்டாலும் வேராலும் படர்வது. இந்நாட்டு வெயிலைத் தாங்குவது. எனினும், இடம் சிறிதாகவும் கோழி பலவாகவும் இருப்பின் அறுகும் நிலையாது. தளிரைக் கொத்தி, வேரைக் கிளறி, சில கிழமைகளிலே கோழிகள் தரையை மொட்டையாக்கிவிடும். புல் வேண்டுவோர் வளவை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தில் கோழியை விட்டு, மறுபக்கத்தை ஓயவிடுதல் வேண்டும். ஓய்வின்றேல் புல்லும் இல்லை.

திருகோணமலையின் பருவநிலை இச்சிக்கலை இருமடங்காக்குகின்றது. ஆண்டின் நடுவிலே கச்சான் காற்று நிலத்தை வறட்டுகின்றது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடையோடு வரும் மாரியே ஆண்டு மழையின் பெரும்பகுதியைக் கொட்டுகின்றது. நிலாவெளி போன்ற கடலோர மணற்பாங்கில் நீர் விரைந்து வடியும். ஆனால் நண்பகல் மணல் சுடும். தம்பலகாமத்து வயல்சார்ந்த களிமண்ணிலோ நீர் தேங்கும். ஈரமும் வெம்மையும் எச்சமும் கலந்த சேற்றிலே, குஞ்சுகளைக் கொல்லும் இரத்தக் கழிச்சல் நோயின் கிருமிகள் முதிர்ந்து பெருகும். மாரியிலே குஞ்சு நிற்பதில்லை என்று விதியை நொந்துகொள்வோர், தரையை நோக்குவது நன்று.

இதற்கு மாற்று கண்டவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநில வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டி. சி. கென்னார்ட். கூளத்தை அடிக்கடி அள்ளி வீசாது, கிளறிக் கிளறி மேலும் மேலும் சேர்த்து வைத்தால் கோழிகள் நலமுறும் என்று 1940களில் அவரும் அவர் குழுவினரும் காட்டினர். பழங்கூளத்தில் வாழும் நுண்ணங்கிகள் எச்சத்தைச் சிதைக்கின்றன; அவ்வாறு சிதைக்கையில் விற்றமின் பி12ஐயும் ஆக்குகின்றன. 1948இல் அவ்விற்றமின் பிரித்தெடுக்கப்பட்ட பின்னரே, பழங்கூளத்தின் ஊட்டம் எதனால் என்பது தெளிவாயிற்று. தமிழில் ஆழ்கூள முறை என வழங்குவது இதுவே. காட்டின் சருகு மெத்தை செய்த தொழிலையே இக்கூளமும் செய்கின்றது.

திருகோணமலை மாவட்டத்தில் இதற்கு வேண்டிய பொருளுக்குக் குறைவில்லை. கந்தளாய், தம்பலகாமம், மூதூர் நெல் ஆலைகளின் உமி, தும்புத்தூள், மரத்தூள், நறுக்கிய வைக்கோல் யாவும் ஏற்றவை. பூஞ்சணம் பிடித்தவை மட்டும் ஆகா. அவை கோழியின் மூச்சுறுப்பைத் தாக்கும். நுண்ணங்கிகள் பெருக இரண்டொரு மாதம் தேவை. ஆதலின், மாரிக்கு முன்னரே, ஆடி ஆவணியிலேயே தொடங்குதல் வேண்டும். களிமண் வளவாயின் முதலில் மணலிட்டுத் தரையை உயர்த்தி, சுற்றிலும் வாய்க்கால் வெட்டி, மேலே கூரை இட்டு, ஆறங்குலம் கூளம் பரப்பலாம். கிழமைக்கு இருமுறை கிளறிவிடல் நலம். ஒரு பிடி அள்ளிப் பிசைந்து பார்த்தால், உருண்டையாய் நிற்பின் ஈரம் மிகை. புழுதியாய்ப் பறப்பின் வறட்சி மிகை. மெல்லக் கூடி உதிர்வதே பதம். அமோனியா நெடி மூக்கைத் துளைத்தால், காற்றோட்டமும் உலர்ந்த புதுக்கூளமும் உடனே வேண்டும். நீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நனைந்த பகுதியை அன்றன்றே அகற்றுதல் நன்று.

தரை மட்டும் எல்லா நோயையும் தடுத்துவிடாது. வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசியே காவல். ஆயினும் ஊசிக்கு ஆண்டில் சில நாள். தரைக்கோ நாள்தோறும் கண் வேண்டும். ஓராண்டு கழிந்தபின் அள்ளும் கூளம் தென்னைக்கும் மிளகாய்க்கும் உரமாகும்.

நெடிய போரிலும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையிலும் இம்மாவட்டத்து மக்கள் பலர் வீடு வாசல் இழந்தனர். மீண்டும் குடியமர்ந்த வளவில், கையில் முதல் அதிகமின்றித் தொடங்கத்தக்க வாழ்வாதாரங்களுள் கோழி வளர்ப்பும் ஒன்று. அத்தகைய வீட்டில் ஐந்து கோழியின் இழப்பு சிறிய இழப்பன்று. அதனைத் தவிர்க்க உதவும் உமியும் சருகும், வீணென்று நாம் தீயிலிடும் பொருள்களே.