துறைமுகத் தொழிலாளரின் அரங்கம்

சரித்திரம் என்றதும் அரண்மனைகளும் போர்க்களங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. உழைப்பாளிகள் கூடிக் களித்த இடத்திற்கும் சரித்திரம் உண்டென்பதற்கு நான் காட்டும் சான்று, நெதர்லாந்து தேசத்தின் ராட்டர்டாம் நகரில் இருக்கிறது.

மாஸ் நதியின் தென்கரையிலுள்ள ஃபெயனூர்ட் முற்காலத்தில் ஒரு தீவு; பின்னர் துறைமுகத் தொழிலாளர் நெருங்கி வாழும் பேட்டையாயிற்று. அங்கே 1908-இல் தோன்றிய கால்பந்துக் கழகம், 1912-இல் பேட்டையின் பெயரையே ஏற்றது.

உலகெங்கும் பொருளாதார மந்தம் வாட்டிய 1930-களில், கழகத்தார் பேரரங்கம் ஒன்றை எழுப்பத் துணிந்தனர். புகழ்பெற்ற வான் நெல்லே தொழிற்சாலையை அமைத்த வான் டெர் வ்ளுக்ட் என்னும் கட்டடக்கலைஞர், பார்வையைத் தூண்கள் மறைக்காதபடி மேலடுக்கை அமைத்தார். ஏழைத் தொழிலாளியும் ஆட்டத்தை முழுமையாகக் காண முடிந்தது. 1936-இல் மறைந்த அவர், 1937 மார்ச் 27-இல் நடந்த திறப்பு விழாவைக் காணவில்லை. மக்கள் அவ்வரங்கை 'டி குய்ப்', அதாவது 'தொட்டி', என்று செல்லமாக அழைத்தனர்.

1940 மே 14-இல் ஜெர்மானிய விமானங்கள் நகரின் நடுப்பகுதியை அழித்தன. சுமார் 80,000 பேர் வீடிழந்தனர். அரங்கைப் பிரித்துப் பழைய இரும்பாக்கவும் ஆக்கிரமிப்பாளர் எண்ணினர். எனினும் அது தப்பியது.

1970-இல் இக்கழகம் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அவ்வெற்றியைப் பெற்ற முதல் டச்சுக் கழகம் இதுவே. நதியோரத்தில் புதிய அரங்கம் கட்டும் திட்டமும் 2022-இல் கைவிடப்பட்டது. எளியோருக்கெனினும் சிறந்ததையே கட்டவேண்டும் என்பதே இவ்வரங்கம் நமக்குப் புகட்டும் பாடம் எனக் கருதுகிறேன்.