சான் டியேகோவில் கூடிய ரசிகர்கள்

1970 மார்ச் 21, சனிக்கிழமை. மெக்சிகோ எல்லையை ஒட்டிய அமெரிக்கத் துறைமுக நகரமான சான் டியேகோவில், யு.எஸ். கிராண்ட் ஓட்டலின் அடித்தளத்தில் ஒரு சிறு கூட்டம் கூடியது. முன்னாள் அதிபர் கிராண்டின் மகன் தந்தையின் பெயரில் கட்டி 1910-இல் திறந்த ஓட்டல் அது. மேசைகளில் பழைய காமிக்ஸ் இதழ்கள். கூட்டத்தை நடத்தியவர்களில் பலர் பள்ளி வயதைத் தாண்டாதவர்கள். வந்தவர்கள் 150 பேர்கூட இல்லை. ஆகஸ்டில் மூன்று நாள் விழா எடுக்கப் பணம் வேண்டும். அதற்கு முன்னோட்டமாக ஒருநாள் கூடிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். இப்போது அதே நகரின் கடலோர மாநாட்டு மையத்தில் ஆண்டுதோறும் ஜூலையில் ஏறத்தாழ 1,30,000 பேர் திரள்கிறார்கள். சான் டியேகோ காமிக்-கான் என்றால் உலகமெங்கும் தெரிகிறது.

ஹாலிவுட் வந்தது, கூட்டம் வந்தது என்று இந்த வளர்ச்சிக்குச் சுருக்கமாகக் காரணம் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஹாலிவுட் வந்து சேர்வதற்கு வெகுகாலம் முன்பே அந்த விழாவின் உருவம் முடிவாகிவிட்டது. முடிவு செய்தவர்கள் சில பையன்கள், ஒரு பழைய புத்தகக் கடைக்காரர், வேலை தேடிக்கொண்டிருந்த ஓர் ஓவியர், தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட ஒரு மேதை.

அந்தக் காலத்தில் காமிக்ஸ் படிப்பது பெருமைக்குரிய பழக்கமாக இல்லை. 1954-இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று புத்தகமே எழுதினார். அதே ஆண்டு அமெரிக்க செனட் துணைக்குழு இதைப் பற்றி விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதிகளைப் போட்டுக்கொண்டார்கள். 10 சென்ட் கொடுத்து வாங்கிய இதழைப் படித்து முடித்ததும் அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். விடாமல் சேர்த்துவைத்தவனுக்கு, தன்னைப் போல இன்னொருவன் ஊரில் இருக்கிறானா என்றே தெரியாது.

அந்தத் தனிமையை உடைத்தது வாசகர் கடிதப் பக்கம். டிசி நிறுவனத்தின் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் 1960-களின் தொடக்கத்தில் கடிதம் எழுதியவர்களின் முழு முகவரியையும் அச்சிட ஆரம்பித்தார். ஷ்வார்ட்ஸ் அடிப்படையில் அறிவியல் புனைகதை ரசிகர். இளம் ரே பிராட்பரியின் கதைகளைப் பத்திரிகைகளுக்கு விற்றுக்கொடுத்த முகவரும் அவரே. அறிவியல் புனைகதை ரசிகர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டதே பத்திரிகைகளில் வந்த முகவரிகளால்தான் என்பது அவருக்குத் தெரியும். காமிக்ஸிலும் அதே வித்தை பலித்தது. பையன்கள் ஒருவருக்கொருவர் கடிதம் போட்டார்கள், இதழ்களை மாற்றிக்கொண்டார்கள், கையால் சுற்றும் நகல் இயந்திரத்தில் சொந்தமாகச் சிறுபத்திரிகை அடித்தார்கள். அடுத்து நேரில் பார்க்கத் தோன்றியது. 1964-இல் நியூயார்க்கில் ஒருநாள் கூடினார்கள். அதில் கலந்துகொள்ள முதலில் பெயர் பதிந்தவன் தான்தான் என்று பின்னாளில் சொல்லி மகிழ்ந்தவர் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின்; அப்போது அவருக்கு 15 வயது.

டெட்ராய்ட் நகரத்து ரசிகர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். 1965-இல் அங்கே நடந்த விழாவில் காமிக்ஸ், சினிமா, கற்பனைக் கதைகள் மூன்றுக்கும் ஒரே கூரையின் கீழ் இடம் கொடுத்தார்கள். அந்த அமைப்பாளர்களில் ஒருவர் ஷெல் டார்ஃப். விளம்பர ஓவியம் வரைந்து பிழைத்தவர், மணமாகாதவர், செய்தித்தாள் தொடர்சித்திரங்களை வெட்டியெடுத்து ஒட்டிச் சேர்த்துவைக்கும் பித்து கொண்டவர். 1960-களின் இறுதியில் பெற்றோரோடு சான் டியேகோவுக்குக் குடிவந்தார். வந்த இடத்தில் தபால்வழியே காமிக்ஸ் வியாபாரம் செய்துகொண்டிருந்த 17 வயது ரிச்சர்ட் ஆல்ஃப் அறிமுகமானான். அவனோடு நண்பர் கூட்டமும் வந்தது. டார்ஃபுக்கோ அனுபவம் உண்டு, பணம் கிடையாது. பையன்களிடம் உற்சாகம் இருந்தது; ஆல்ஃபிடம் வியாபாரத்தில் சேர்ந்த காசும் ஒரு ஃபோக்ஸ்வாகன் காரும் இருந்தன.

கார் முக்கியம். வடக்கே இர்வைன் என்ற ஊரில் ஜாக் கிர்பி அப்போது குடியிருந்தார். கேப்டன் அமெரிக்கா, ஃபென்டாஸ்டிக் ஃபோர், தோர், ஹல்க், எக்ஸ்-மென் என்று ஒரு பெரிய உலகத்தை இணைந்து படைத்த கை அவருடையது. மகளின் ஆஸ்துமாவுக்காக நியூயார்க்கை விட்டுக் கலிஃபோர்னியாவுக்கு வந்திருந்தார். டார்ஃப் அந்தப் பையன்களை அவர் வீட்டுக்கு அழைத்துப் போனார். அறிமுகமில்லாத பிள்ளைகளை கிர்பி தம்பதி உட்காரவைத்துப் பேசினார்கள். விழாவைக் காமிக்ஸோடு நிறுத்திவிட வேண்டாம், சினிமாவையும் அறிவியல் புனைகதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கிர்பி சொன்னதாக அந்தப் பையன்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். 1971-இல் தன் ஜிம்மி ஓல்சன் கதையில் அவர்களையே பாத்திரங்களாக வரைந்து, ஐந்து கம்பி இசைக்கும்பல் ஒன்றாக ஆக்கிவிட்டார். தெருப்பையன்கள் தாங்கள் வழிபட்ட கலைஞரின் பக்கங்களுக்குள்ளேயே நடந்து போனார்கள். இதைவிடப் பெரிய கூலி அவர்களுக்கு யார் கொடுத்திருக்க முடியும்?

காமிக்ஸ் ரசிகர்கள் பெயரை வைத்தார்கள் என்றால், விழாவை நடத்தும் முறையைக் கொடுத்தது அறிவியல் புனைகதை உலகம். இந்தக் கடன் போதுமான அளவு பேசப்படுவதில்லை. 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. அதில் எதிர்கால மனிதனைப் போல மேலங்கி தரித்து வந்து தெருவில் போனவர்களைத் திரும்பிப் பார்க்கவைத்தவர் ஃபாரஸ்ட் ஜே. ஆக்கர்மேன். அந்த உடையை வடிவமைத்துத் தைத்தவர் அவர் தோழி மிர்ட்டில் டக்ளஸ். தானும் அப்படியே உடுத்தி வந்தார். இன்று உலகெங்கும் இளைஞர்கள் கதாபாத்திரங்களைப் போல வேடமிடும் காஸ்ப்ளேயின் தொடக்கம் என்று சொல்லப்படுவது மிர்ட்டிலின் இந்தத் தையல்தான். அதே மாநாட்டுக்கு ஆக்கர்மேனிடம் கடன் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தவர் 18 வயது ரே பிராட்பரி. கூட்டத்தில் கென் க்ரூகர் என்ற சிறுவனும் இருந்தான். 31 ஆண்டு கழித்து மூவரும் சான் டியேகோவில் வந்து சேர்ந்தார்கள். ஆக்கர்மேன் மார்ச் கூட்டத்துக்கே சிறப்பு விருந்தினர். ஓஷன் பீச் பகுதியில் புத்தகக் கடை வைத்திருந்த க்ரூகர்தான் ஓட்டலோடு பேரம் பேசுவது, கணக்கு வைப்பது போன்றவற்றைப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர். விருந்தினருக்கு எப்படி மரியாதை செய்வது, விற்பனைக் கூடம் எப்படி, இரவில் என்ன படம் போடுவது, சம்பளமில்லாமல் வேலையை எப்படிப் பங்கிடுவது என்ற எல்லாமே முப்பது ஆண்டு அனுபவமாக அவர்கள் வழியே வந்து சேர்ந்தது.

1970 ஆகஸ்ட் 1 முதல் 3 வரை நடந்த முதல் முழு விழாவுக்கு ஏறத்தாழ 300 பேர் வந்தார்கள். பிராட்பரி, கிர்பி, அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஏ.இ. வான் வோக்ட் மூவரும் ஒரே ஓட்டலில். பிராட்பரி அப்போது உலகப் புகழ் பெற்றவர். லாபநோக்கில்லாத கூட்டம் என்றதும் கட்டணம் வாங்காமல் வந்தார். அதன் பிறகும் பல ஆண்டு வந்துகொண்டே இருந்தார்.

அடுத்த ஆண்டு பல்கலைக்கழக வளாகம், அதற்கடுத்து எல் கோர்டெஸ் ஓட்டல். பழைய ஆட்களைக் கேட்டால் கண் மலர்ந்து பேசுவது இந்த எல் கோர்டெஸ் காலத்தைப் பற்றித்தான். குன்றின் மேல் 1927-இல் எழுந்த கட்டடம். வெளிச்சுவரில் 1950-களில் பொருத்திய கண்ணாடி லிஃப்ட். நீச்சல்குளத்தைச் சுற்றி நாற்காலிகள். அவற்றில் ஒன்றில் முப்பது வருடமாக வரையும் ஓவியர் சாய்ந்திருப்பார், பக்கத்து நாற்காலியில் பள்ளிப் பையன் தன் வரைபட நோட்டோடு உட்காருவான். பெரியவர் பென்சிலை வாங்கி, தோள் இங்கே வரணும், நிழல் அங்கே விழணும் என்று திருத்துவார். அதுவரை காமிக்ஸ் ஓவியர்களுக்குத் தங்கள் வாசகன் எப்படியிருப்பான் என்று தெரியாது. பலருடைய பெயரைக்கூட இதழ்கள் போட்டதில்லை. 1974-இல் விழாவின் இங்க்பாட் விருது தொடங்கியபோது, வாழ்நாள் முழுக்கப் பக்கக் கூலிக்கு வரைந்த சிலருக்குப் பெயர் சொல்லி மேடையேற்றிய முதல் கைதட்டல் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அந்த ஓட்டலில் 1976-இல் ஒரு மனிதர் வந்து, இன்னும் வெளிவராத ஒரு படத்தைப் பற்றி ஸ்லைடு போட்டுக் காட்டினார். அவர் சார்லஸ் லிப்பின்காட், படம் ஸ்டார் வார்ஸ். காமிக்ஸ் வடிவத்தை உருவாக்கிக்கொண்டிருந்த ராய் தாமஸும் ஹோவர்ட் சேகினும் உடன் இருந்தார்கள். சேகின் வரைந்த போஸ்டரை விற்பனைக்கு வைத்தார்கள். விலை 1 டாலர் 75 சென்ட். பெரிதாக யாரும் வாங்கவில்லை. மே 1977-இல் படம் வெளிவந்தபோது, அதைப் பற்றி முன்பே அறிந்து வாய்வழியே பரப்பக் காத்திருந்தவர்கள் இந்த ரசிகர்களே. ஒருநாள் ஹாலிவுட் தன் படங்களை விற்க இங்கே வந்து நிற்கும் என்று கிர்பி அந்நாளிலேயே சொன்னாராம். அவரது உதவியாளராயிருந்த எழுத்தாளர் மார்க் எவானியர் இதைப் பலமுறை எழுதியிருக்கிறார். கேட்டவர்கள் அப்போது நம்பவில்லை.

1980-களில் விழா நகர மாநாட்டு அரங்கில் நடந்தது. 1988-இல் காமிக்ஸ் கலைஞர் வில் ஐஸ்னர் பெயரில் விருது வந்தது. ஐஸ்னர் தன் இறுதிக்காலம் வரை மேடையில் நின்று வெற்றியாளர்களின் கையைக் குலுக்கி வாழ்த்தினார். 1991-இல் புதிய கடலோர மாநாட்டு மையத்துக்குள் நுழைந்தபோது கூட்டம் 15,000-ஐத் தாண்டியிருந்தது. அடுத்த ஆண்டே பிரான்சிஸ் ஃபோர்டு கப்போலா தன் டிராகுலா படத்தோடு வந்தார். 2000-இல் 48,000 பேருக்கு மேல், 2005-இல் ஒரு லட்சத்துக்கு மேல். 2004-இல் 6,000-க்கும் அதிகமானோர் உட்காரக்கூடிய 'ஹால் எச்' என்ற பெருங்கூடம் திறந்தது. அதில் நடிகர்களைப் பார்க்க நடைபாதையில் இரவெல்லாம் படுத்துக் கிடக்கும் வரிசை உருவானது. டிக்கெட் சில மணி நேரத்தில் தீர்ந்துபோகிறது.

இந்த வளர்ச்சியில் கசப்பும் கலந்தேயிருக்கிறது. டென்வரின் மைல் ஹை காமிக்ஸ் கடை 1970-களிலிருந்து ஆண்டுதோறும் ஸ்டால் போட்டது. 2017-இல், இனி கட்டுப்படியாகாது என்று விலகிவிட்டது. பழைய இதழ் விற்பவர்கள்தான் இந்த விழாவின் முதல் முதலாளிகள். அவர்கள் வெளியேறுவது சாதாரண இழப்பில்லை. அதே ஆண்டு டிசம்பரில் சால்ட் லேக் நகரத்து விழா ஒன்று 'காமிக் கான்' என்ற பெயரைப் போட்டுக்கொண்டதற்கு எதிரான வழக்கில் சான் டியேகோ வென்றது. இழப்பீடாக நடுவர்குழு கொடுத்தது 20,000 டாலர்தான். ஆனாலும் அந்த விழா பெயரை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. நியூயார்க் காலத்திலிருந்தே பையன்கள் பொதுவில் புழங்கிய ஒரு பெயர், நீதிமன்றம் வரை போன சொத்தாக மாறியது வருத்தம்தான்.

ஷெல் டார்ஃப் 1980-களிலேயே விலகிவிட்டார். நெரிசல் அவருக்குப் பிடிக்கவில்லை. மில்டன் கேனிஃபின் ஸ்டீவ் கேன்யன் தொடர்சித்திரத்துக்கு எழுத்து வரைந்து கொடுத்து வாழ்ந்தார். 2009 நவம்பரில் அவர் மறைந்தார். க்ரூகரும் அதே மாதம் போனார்.

2020-இல் கொரோனா காலத்தில் முதன்முறையாக விழா நின்றது. 2023-இல் வேறு விதமான சோதனை. எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் ஹாலிவுட் நட்சத்திரங்கள் அநேகமாக யாரும் வரவில்லை. ஹால் எச் முன்னாலிருந்த இராவரிசை காணாமல் போயிற்று. அந்த வெற்றிடத்தில் வந்து இறங்கியது ஓர் இந்தியப் படக்குழு. கமல்ஹாசன், பிரபாஸ், ராணா டகுபதி, இயக்குநர் நாக் அஸ்வின் ஆகியோர் தங்கள் படத்தின் கல்கி 2898 ஏடி என்ற பெயரை அங்கேதான் அறிவித்தார்கள். அதற்கு முன் எந்த இந்தியப் படமும் அந்த மேடையில் அறிமுகமானதில்லை. லிப்பின்காட் ஸ்லைடுகளோடு வந்த அதே காரியம்தான்: முடியாத படத்தை எடுத்துக்கொண்டு வந்து, முதலில் அறிவியல் புனைகதை ரசிகர்களிடம் காட்டுவது.

நட்சத்திரங்கள் இல்லாவிட்டாலும் அந்த ஆண்டு டிக்கெட் மிச்சமில்லை. கண்காட்சிக் கூடத்தின் ஒரு பகுதியில் ஓவியர் வரிசை இருக்கிறது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, மை, பேனா, பின்னால் ஒட்டிய நாலைந்து படங்கள். அந்த மேசைக்கு விழாக்குழு வாடகை வாங்குவதில்லை. விண்ணப்பிப்பவர்களிலிருந்து தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது. இத்தனை பெரிய வியாபாரத்துக்கு நடுவில் இதை விடாமல் வைத்திருப்பதற்காகவே இந்த விழாவை நேசிக்கலாம். தன் முதல் புத்தகத்தைத் தானே அச்சடித்து எடுத்துவந்த இளம்பெண்ணும், நாற்பது ஆண்டு வரைந்த கிழவரும் அங்கே அடுத்தடுத்து உட்கார்ந்திருக்க முடிகிறது. நோட்டை நீட்டும் பையனுக்கு இருவருமே வரைந்து கொடுக்கிறார்கள்.