கொல்லைப்புற ஷெட்டில் கண்ணாடிப் பட்டறை... டார்ச்சைக் கடைசியா வாங்குங்க!

நீலச் சுடரில் ஒரு கண்ணாடிக் கம்பி தேன் மாதிரி உருகி, சுழன்று, அழகான மணியா மாறும் ரீல்ஸ் உங்க ஃபீடிலும் வந்திருக்கும். அதைப் பார்த்ததும், 'நம்ம வீட்டுக் கொல்லையில சும்மா கிடக்குற ஷெட்டுல இதைச் செஞ்சா என்ன?'னு தோணியிருந்தா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

புதுக்கோட்டைக்காரங்களுக்குக் கண்ணாடி மணி புதுசு இல்லை. நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பொற்பனைக்கோட்டை அகழாய்வில் கண்ணாடி மணிகளும் வளையல் துண்டுகளும் கிடைச்சிருக்கு. புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டில் 2,000 வருஷத்துக்கு முன்னாடியே மணிகள் செஞ்சிருக்காங்க. உத்தரப்பிரதேசத்தின் புர்தில்நகரில் இன்னைக்கும் வீட்டோடு சேர்ந்த சின்னப் பட்டறைகளில் இந்த வேலை நடக்குது. அதனால வீட்டில் செய்ய முடியுமாங்கிறது கேள்வியே இல்லை. பாதுகாப்பா எப்படிச் செய்யறதுங்கிறதுதான் கேள்வி.

புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல்ல ஆர்டர் போடுறது டார்ச். அதுதான் தப்பு. காற்று, தரை, மின்சாரம், கேஸ்... இந்த நாலும் சரியான பிறகு கடைசியா வாங்க வேண்டியது அது.

எந்த வேலை உங்களுக்கு?

கண்ணாடி வேலையில் மூணு படி இருக்கு. முதல் படியில் நெருப்பே வேண்டாம். கண்ணாடியை வெட்டி, ஓரம் தேய்த்து, ஒட்டிச் செய்யும் வேலை. ரெண்டாவது, மின்சாரச் சூளையில் துண்டுகளை அடுக்கி உருக்கி ஒட்டுவது. இதுக்குச் சுமார் 800 டிகிரி செல்சியஸ் வேணும். மூணாவது, டார்ச் சுடரில் கம்பியை உருக்கி மணி, பதக்கம் செய்வது. ஊதிச் செய்யும் பெரிய உலை வேலைக்கு 1,100 டிகிரியை இரவு பகலா அணையாம வெச்சிருக்கணும். அது கொல்லைப்புறத்துக்கு ஆகாது. மறந்துடுங்க.

ஷெட்டைப் பாருங்க

கீற்றுக் கொட்டகையா இருந்தா அதில் நெருப்பு வேலை வேண்டவே வேண்டாம். பழைய கார் ஷெட், மோட்டார் ரூம் சரிப்படும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையா? அதில் துளை போடாதீங்க, உடைக்காதீங்க. அந்த நார் தூசு நுரையீரலுக்கு விஷம். புதுசா போடறதா இருந்தா உலோகத் தகடு போட்டு, இரும்புச் சட்டத்தோடு இறுக்கமா போல்ட் பண்ணுங்க. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வந்தப்போ ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் ஓடும் தகடும் பறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீங்க.

தரை சிமென்ட்டா இருக்கட்டும். பிளாஸ்டிக் விரிப்பு, சாக்கு, பழைய பேப்பர் எதுவும் பக்கத்தில் கிடக்கக் கூடாது. மேஜை மேல சிமென்ட் போர்டு, அதுக்கு மேல ஒரு ஸ்டீல் தகடு. உருகிய துளி விழுந்தாலும் பத்திக்காது.

காற்று... இதில் கஞ்சத்தனம் வேண்டாம்

டார்ச் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தலைவலி, மயக்கம்னு ஆரம்பிச்சு உயிரையே எடுத்துடும். கதவைச் சாத்திக்கிட்டு ஏ.சி. போட்டு வேலை செய்யும் யோசனையே வேண்டாம். டார்ச்சுக்கு மேலேயே புகையை இழுத்து வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் வேணும். உங்க முதுகுப் பக்கத்திலிருந்து புதுக் காற்று உள்ளே வர ஜன்னல் வேணும். அதாவது காற்று முதல்ல உங்களைத் தாண்டி, அப்புறம் சுடரைத் தாண்டிப் போகணும். சீலிங் ஃபேன் சுடரை அலைக்கழிக்கும், சூடான மணியில் விரிசலும் விழ வைக்கும். மே மாத வெயிலில் தகர ஷெட்டுக்குள்ள உட்கார முடியாது. விடிகாலையில் வேலையை முடிச்சிடுங்க.

மின்சாரம்

2 கிலோவாட் சூளை சுமார் 9 ஆம்ப் இழுக்கும். 5 மணி நேரம் முழுசா ஓடினா 10 யூனிட். மிக்சி ஓட்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இதைச் செருகாதீங்க. தனி லைன், 16 ஆம்ப் சாக்கெட், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., நல்ல எர்த்... இத்தனையும் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் கையால் போடணும்.

கேஸ்

எல்.பி.ஜி. காற்றைவிட கனமானது. கசிஞ்சா மேலே போகாது. தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால சிலிண்டர் ஷெட்டுக்கு வெளியே, நிழலில், நிமிர்ந்து, சங்கிலி போட்டு நிக்கணும். கிணறு, சாக்கடை, செப்டிக் டேங்க் பக்கத்தில் வைக்காதீங்க. ஷெட் சுவரின் அடியிலும் காற்றுத் துவாரம் இருக்கட்டும்.

வீட்டு சமையல் சிலிண்டரை, அதாவது 14.2 கிலோவை, விற்பனைக்கான வேலையில் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்குங்க. கசிவுன்னா உடனே வால்வை மூடி, சுவிட்ச் எதையும் தொடாம வெளியே வந்து, 1906-க்கு போன் பண்ணுங்க.

தொடக்கத்துக்கு எல்.பி.ஜி. மட்டும் போதுமான டார்ச்சே போதும். ஆக்சிஜன் சேர்க்கும் டார்ச்சுக்குப் போனா, ரெண்டு குழாயிலும் தீ பின்னோக்கிப் பாயாம தடுக்கும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் கட்டாயம். ஆக்சிஜன் வால்வில் எண்ணெய், கிரீஸ் ஒரு துளிகூடப் படக் கூடாது. பட்டா தானாவே பத்திக்கும்.

உடம்பு

கண்ணாடி சூடாகும்போது சோடியத்தின் மஞ்சள் ஒளி கண்ணைக் கூசவைக்கும். அதை வடிகட்ட டிடிமியம் கண்ணாடி வேணும். சாதா கூலிங் கிளாஸ் வேலைக்கு ஆகாது. பருத்தி உடை மட்டும்தான். நைலான், பாலியஸ்டர் உருகி தோலோடு ஒட்டிக்கும். துப்பட்டா வேண்டாம், முடியை முடிஞ்சுக்கணும், செருப்புக்குப் பதிலா ஷூ.

மணி கம்பியில் ஒட்டாம இருக்க ஒரு களிமண் பூச்சு தடவுவாங்க. மணியைக் கழற்றும்போது அந்தத் தூள் பறக்கும். தண்ணிக்குள்ள வெச்சு கழற்றுங்க. தரையைத் துடைப்பத்தால் பெருக்காம ஈரத் துணியால் துடையுங்க. இந்த வேலைகளின்போது என்95 மாஸ்க் போடுங்க.

உடையாத மணிதான் மணி

மணியின் வெளிப்பக்கம் சீக்கிரம் ஆறும், உள்பக்கம் மெதுவா ஆறும். அந்த இழுபறி உள்ளேயே தங்கிடும். இன்னைக்குப் பளபளன்னு இருக்கும் மணி, ஒரு வாரம் கழிச்சு வாங்கினவங்க கழுத்தில் தானா வெடிச்சுப் பிளக்கலாம். அதனாலதான் சூளையில் பதப்படுத்தணும். சாதாரண மென்கண்ணாடிக்குச் சுமார் 510 டிகிரி, போரோசிலிகேட்டுக்குச் சுமார் 565 டிகிரியில் கொஞ்ச நேரம் வெச்சு, மெதுவா ஆறவிடணும். வெர்மிகுலைட்டில் புதைச்சு வைக்கிறது அவசரத்துக்கு மட்டும். அந்த மணியைச் சூளையில் வைக்காம விற்காதீங்க.

ரெண்டு வகைக் கண்ணாடியைக் கலக்கவும் கூடாது. ஒவ்வொன்றும் விரியும் அளவு வேற. மென்கண்ணாடியில் ஒரு வகைக்கு அந்த எண் 104, போரோசிலிகேட்டுக்கு 33. சேர்த்தா ஆறும்போது பிளந்துடும். பழைய பாட்டிலை உருக்கறதா இருந்தா, ஒரே பாட்டிலின் துண்டுகளை மட்டும் ஒண்ணா சேருங்க.

காகித வேலை

விற்க ஆரம்பிச்சா உத்யம் பதிவு பண்ணுங்க. ஆன்லைனில் இலவசம், ஏஜென்ட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். வீட்டு மின் இணைப்பிலேயே தொழில் நடத்தாம, குடிசைத் தொழிலுக்கான கட்டண வகையை மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்க. கடன், மானியம் பற்றி புதுக்கோட்டை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

எங்கே தொடங்குவது?

முதல் மூணு மாசம் கட்டிங் மட்டும் பண்ணுங்க. கை பழகும், செலவு குறைவு. அப்புறம் சூளை. அதுக்குள்ள எக்ஸாஸ்ட், வயரிங், தீயணைப்பான், மணல் வாளி எல்லாம் இடத்துக்கு வந்திருக்கும். பிறகு தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட நேரில் நாலு நாள் உட்கார்ந்து டார்ச் பழகுங்க. வேலை முடிஞ்சதும் வால்வை மூடிட்டு, அரை மணி நேரம் ஷெட்டை விட்டு நகராதீங்க. எங்காவது கனன்றுக்கிட்டு இருந்தா அப்போதான் தெரியும்.

வீட்டில் அம்மாவும் பாட்டியும், 'கொல்லையில என்னடா நெருப்பு?'னு பயப்படுவாங்க. அந்தப் பயம் நியாயமானதுதான். வால்வு எங்கே, மெயின் சுவிட்ச் எங்கே, மணல் வாளி எங்கேன்னு அவங்களுக்கும் காட்டிக் கொடுங்க. அது முடிஞ்ச பிறகு டார்ச்சைப் பத்த வைங்க.