எல்லை தாண்டிய உப்புக் கரைசல்

ஆபீஸ் வேலையில் இந்தப் பக்கம் எட்டிப்பார்த்து நாளாச்சு. பிழைப்புக்கு வந்த இந்தக் கொல்கத்தா எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு வரலாறு இன்றைக்கு.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கரைத்துக் கொடுக்கிறோம் இல்லையா? அது வளர்ந்த கதையில் இரண்டு நாடுகளுக்குப் பங்கு உண்டு.

காலராவில் ஆளைக் கொல்வது உடம்பிலிருந்து தண்ணீர் வற்றிப்போவதுதான். வெறும் தண்ணீர் கொடுத்தால் தங்காது. குளுக்கோஸும் உப்பும் சேர்த்துக் கொடுத்தால் குடல் உப்பை இழுத்துக்கொள்ளும், கூடவே தண்ணீரும் உள்ளே போகும். அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் டாக்காவில், டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரு மருத்துவர்கள் இதை நோயாளிகளிடம் சோதித்து 1968-இல் வெளியிட்டார்கள். கொல்கத்தாவிலிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்திலும் இதே ஆராய்ச்சி நடந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வெளியே இது சரிப்படுமா என்று பலருக்குத் தயக்கம்.

1971-இல் போர். சுமார் ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லையோரம் போங்காவ் ஊரில் காலரா. கொல்கத்தா மையத்து டாக்டர் திலீப் மகலனாபிஸ் அங்கே போனபோது, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று டிரம்மில் கலக்கச் செய்தார். புகட்டும் வேலையை நோயாளிகளின் சொந்தக்காரர்களிடமே விட்டார். 30 சதவீதம் வரை போன சாவு, அவர் பார்வையில் இருந்தவர்களிடம் 3.6 சதவீதமாக இறங்கியது.

யோசித்துப் பாருங்கள். டாக்காவில் நிரூபித்த மருந்து, அந்த மண்ணிலிருந்து ஓடிவந்தவர்களையே இந்தப் பக்கம் காப்பாற்றியது. இரண்டு அரசுகளும் சண்டை போட்ட அதே வருடத்தில்!

பிறகு அது திரும்பவும் எல்லை தாண்டியது. 1980 முதல் பத்து வருடம், பங்களாதேஷின் பிராக் அமைப்புப் பெண்கள் சுமார் 1.2 கோடி வீடுகளுக்குப் போய், சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும் கரைக்கத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

மகலனாபிஸ் 2022-இல் இதே கொல்கத்தாவில் காலமானார். பத்ம விபூஷண் 2023-இல்தான் வந்தது.

நோய் வந்தபிறகு பக்கத்து நாட்டோடு கைகோப்போம் என்றால் நேரமிருக்காது. 1971-இல் உயிர்கள் பிழைத்தது, அக்கரை ஆராய்ச்சி இக்கரை டாக்டருக்கு முன்பே தெரிந்திருந்ததால்தான். அடுத்தமுறை பாக்கெட்டைப் பிரிக்கும்போது பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.